தெரியுதா மிஸ்

"நீங்கதான் ஓவிய மிஸ் ஆச்சே மேடம். போட்டோ இல்லேன்னா என்ன, வரைஞ்சே குடுத்துடுங்க" என்று காவலர் தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தார். இதென்ன பெரிய வேலை என்றுதான் அவளும் பென்சிலை எடுத்தாள்.

காணாமல் போனது அவளுடைய அக்கா. காலையில் இவள் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவைத் திறந்துகொண்டு எங்கேயோ போய்விட்டாள். கொஞ்ச காலமாகவே அக்காவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. குடையைத் தேடுவாள், குடை கிடைத்ததும் மழையைத் தேடுவாள். அதற்காகவே கதவில் அக்காவின் கைக்கு எட்டாத உயரத்தில் இவள் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தாள். இன்றைக்கு அதைப் போட மறந்தது யார் என்று சண்டை போட, வீட்டில் வேறு ஆள் இல்லை.

அக்காவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கேமராவைக் கண்டால் முகத்துக்கு நேரே கையை நீட்டிவிடுவாள். "எனக்கு முன்னாடி என் மூக்கு போய் நிக்குதுடி, அதை மட்டும் எடுத்துக்கோ" என்பாள். இவளுடைய போனில் அக்காவின் படம் என்று இருந்ததெல்லாம் மங்கலான உள்ளங்கைகள்தான். அடையாள அட்டையில் இருந்தவளோ அந்தக் காலத்து அக்கா.

அவள் வரைந்து முடித்ததைக் காவலர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அடையாள அட்டையில இருக்கிறதவிட இதுல இளசா இருக்காங்களே?"

அவள் பார்த்தாள். உதட்டில் ஊசியைக் கடித்துக்கொண்டு, தையல் மிஷினில் குனிந்து, ஊரார் துணியைத் தைத்து இவளைப் படிக்கவைத்த அக்கா தாளில் இருந்தாள். கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் அதே அக்கா. முடியை மட்டும் வெள்ளையாக்கினால், நாடகத்தில் கிழவி வேஷம் போட்டதுபோல இருந்தது.

அவள் கை பார்க்காத வேலை இல்லை. பொம்மைத் தொழிற்சாலையில் பொம்மைகளுக்குக் கண் வைத்தாள். லாரிக் கதவுகளில் பூ வரைந்தாள். மருத்துவப் புத்தகம் ஒன்றுக்கு ஈரல் வரைந்து கொடுத்தபோது, "கொஞ்சம் அசிங்கமா வரைங்கம்மா, இது நோய் புடிச்ச ஈரல்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். கல்லூரியில் இதை அவள் நடித்துக் காட்டும்போது வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்ததும் பென்சிலை எடுக்கும். எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் தண்ணீர் தெளித்து விட்டுவிட்ட பிள்ளைகள்கூட அவள் வகுப்பில் மட்டும் மணி அடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கல்லூரிக்கு வருமுன் இதே மாதிரி ஒரு காவல் நிலையத்திலும் வேலை பார்த்திருக்கிறாள். திருடனைப் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல அவன் முகத்தை வரைய வேண்டும். புருவம் கூடுமா? சிரிச்சா எந்தப் பக்கம் கோணும்? கேள்வி கேட்டே ஆளைப் பிடித்துவிடுவாள்.

இப்போது அதே கேள்விகளைத் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். அக்காவுக்குப் புருவம் எப்படி? தெரியவில்லை. இப்போது கன்னம் ஒட்டியிருக்கிறதா? தெரியவில்லை. தினமும் தலை வாரிவிடுகிறாள்தான், ஆனால் பின்னால் நின்று. தினமும் சோறு ஊட்டுகிறாள், ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில். கடைசியாக அந்த முகத்தை எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள்.

"தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க. தெரியுதா?" வகுப்பில் மூச்சுக்கு மூச்சு அவள் சொல்வது இதுதான். அதனாலேயே பிள்ளைகள் அவளுக்கு 'தெரியுதா மிஸ்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள்.

பிள்ளைகளை நினைத்ததும்தான் பொறி தட்டியது. போன பருவத்தில் அக்காவைத் தனியே விட்டுவர முடியாத ஒரு நாளில், வகுப்புக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து எல்லோரையும் வரையச் சொல்லியிருந்தாள். அக்காவுக்குப் பென்சிலைப் பார்த்துப் பயமில்லை.

விழுந்தடித்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். செய்தி கேட்டு வகுப்பே ஓவிய அறைக்கு வந்துவிட்டது. அலமாரியிலிருந்து படங்களை இறக்கித் தரையில் பரப்பினார்கள். எல்லாப் படத்திலும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாகச் சிரித்துக்கொண்டு, மகாராணி மாதிரி இருந்தாள்.

"என்னடா இது, ஆளாளுக்கு ஒரு பாட்டி!" என்றான் ஒருவன்.

"மிஸ்ஸோட அக்கான்னு எல்லாரும் ஐஸ் வச்சிருக்கோம், வேற என்ன" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அடியில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. வகுப்பில் எப்போதும் கடைசி மேசையில் தலை சாய்ந்துகிடக்கும் பெண் வரைந்தது. தூங்குமூஞ்சி என்றால்தான் அவளைக் கல்லூரியில் யாருக்கும் தெரியும். அந்தப் படத்தில் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு இமை மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. கன்னம் குழி விழுந்து, கண் தாளுக்கு வெளியே எங்கேயோ கதவைத் தேடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் ஒரு பொத்தானை விரல்கள் திருகிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு இதே படத்தை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, "யாரும்மா இது? என் அக்காவா? ஆளைப் பாக்காமலே வரைஞ்சா இப்படித்தான் வரும்" என்று சொல்லி, ஆகக் குறைந்த மதிப்பெண் போட்டவள் அவள்தான்.

தூங்குமூஞ்சி பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு நான் தூங்கல மிஸ்" என்றாள் மெதுவாக. "அவங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியுதும்மா" என்றாள் அவள்.

மாலைக்குள் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து, கீழே 'காணவில்லை' என்றும் அவளுடைய போன் நம்பரையும் போட்டு, பிள்ளைகள் பிரிந்து போய்ச் சுவர் சுவராக ஒட்டினார்கள். அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். கிழவி ஒருத்தி தெரிந்தால் போதும், ஓடிப்போய் முன்னால் நின்று பார்ப்பாள். வேறு யாராவதாக இருக்கும். அவர்கள் பயந்து பையை அணைத்துக்கொள்வார்கள். ஊரில் இத்தனை வயதான பெண்கள் தனியாக நடக்கிறார்கள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் பேருந்து நிலையத்திலிருந்து போன் வந்தது. டிக்கெட் கொடுப்பவர் பேசினார்.

"மேடம், காணவில்லைன்னு படம் ஒட்டினது நீங்கதானே? அந்தம்மா இங்கதான் இருக்காங்க. ராத்திரி வெயிட்டிங் ரூம்லயே படுத்திருந்தாங்களாம். ஆனா ஒண்ணு..." இழுத்தார். "அந்தப் படத்தைச் சுவத்துலேருந்து கிழிச்சு வச்சுக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவங்களே விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க."

போனபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரின் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. மடியில் அந்தத் தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வந்துட்டியா? நல்ல வேளை. இந்தப் பொம்பளையக் காணோமாம்டி. பாவம், அவ வீட்டுல எப்படித் துடிக்கிறாங்களோ."

"அக்கா, இது நீதான்க்கா. உன்னைத்தான் தேடினோம். வா, வீட்டுக்குப் போகலாம்."

அக்கா தாளைத் தூரமாக வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"போடி இவளே. நான் இப்படியா இருக்கேன்? என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

தங்கையின் கைப்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. எடுக்கப் போன கையை அப்படியே வெளியே இழுத்துக்கொண்டாள்.

"எப்படிப் பயந்து போயிருக்கா பாரு" என்று படத்தின் கன்னத்தைத் தடவினாள் அக்கா. "வாய் வறண்டு கிடக்கு. கதவு எங்கேன்னுகூடத் தெரியல அவளுக்கு. இவளை விட்டுட்டு நாம மட்டும் வீட்டுக்குப் போறதா? நல்லா இருக்குடி நியாயம்."

"பாத்துக்கலாம்க்கா. முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

"அவ சாப்பிட்டிருப்பாளா?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். டாக்சி வாசலில் நின்றது. அவள் அக்காவின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். அக்கா சின்னப்பிள்ளை மாதிரி வீம்பாகக் காலை ஊன்றிக்கொண்டாள். இழுத்தால் கத்துவாள் என்று தெரிந்தது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிடியை விட்டாள்.

அக்காவே கையை நீட்டி, சாலை கடக்கும்போது அந்தக் காலத்தில் பிடிப்பதுபோல அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "கையை விட்றாதே. அப்புறம் உன்னையும் தேடணும்."

முதலில் வந்தது ஒரு செருப்புக் கடை. அக்கா படிகளில் ஏறி, தாளைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, இந்தம்மாவ எங்கயாவது பாத்தீங்களா?"

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர், பின்னால் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"இல்லையேம்மா" என்றார் அவர். "பாக்கலையே."

"பாத்தா சொல்லுங்க" என்று அக்கா படியிறங்கி அடுத்த கடைக்கு நடந்தாள். மணிக்கட்டு அவள் பிடியில் இருந்ததால், தங்கையும் நடந்தாள்.