தலைவரின் குரலுக்கு ஏற்ற அரங்கம்

கச்சேரிக்கு இடம் பார்ப்பதில் இசை மன்றத் தலைவருக்கு ஒரு முறை உண்டு. உள்ளே போவார். மேடை ஏறுவார். காலி நாற்காலிகளைப் பார்த்து, தன் வரவேற்புரையின் முதல் பத்தியைச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அனுப்பிய குரல் திரும்பி வருகிறதா என்று காத்திருப்பார். வந்தால் அந்த அரங்கம் தேறியது. வராவிட்டால், "இங்க இசைக்கு மரியாதை இல்ல" என்று இறங்கிவிடுவார். பாடுகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டும் வழக்கம் மன்றத்தில் இல்லை. பெண்ணைக் கேட்காமல் மாப்பிள்ளை முடிக்கிற குடும்பங்கள் இல்லையா, அது மாதிரிதான்.

தொழிலில் அவர் பளிங்கு, குளியலறை டைல்ஸ் வியாபாரி. எந்த மனிதனுக்கும் தன் குரல் தேவகானமாகத் தோன்றுகிற இடம் குளியலறை. ஆகவே தலைவரின் செவி எங்கே பயிற்சி பெற்றது என்று யாரும் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

இந்த வருடம் பாடப்போகிறவள் அவருடைய மனைவியின் தங்கை. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, நெடுநாள் வாயைத் திறக்காமல் இருந்து, இப்போதுதான் மேடைக்கு வருகிறாள். குரலும் திரும்பி வந்திருந்தது, ஆனால் போனபோது எடுத்துப்போன சாமான்களில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தது. சுத்தமான குரல், சின்னக் குரல். அவள் வாயைத் திறக்காமல் இருந்த காலத்தில் ஊர் அந்தக் குரலுக்குக் காரியம் செய்து முடித்துவிட்டது. முன்னால் நின்று ஒப்பாரி வைத்தவள் சொந்த அக்காதான். "பாவம், அவளுக்குத் தொண்டை போச்சு" என்று கடையில், சலூனில், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற வாசலில், பாவத்துக்கு ஓர் அழுத்தமும் போச்சுக்கு இரண்டு அழுத்தமும் கொடுத்துச் சொல்லி வந்தாள். சிறு வயதில் இருவரும் ஒன்றாகத்தான் பாட்டுக் கற்றார்கள். தங்கை முந்திய அன்று அக்காவுக்குப் பாட்டில் ஆர்வம் குறைந்தது. தங்கையின் பாட்டைப் பற்றிப் பேசுவதில் ஆர்வம் கூடியது.

அந்தப் பேச்சைக் கேட்டு, அவளிடம் பாட்டுக் கற்ற மாணவிகள் ஒவ்வொருவராக வேறு வீட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். வயிற்றுப்பாடு ஒருபுறம் இருக்கட்டும். வாசலில் செருப்புகள் இல்லாத பாட்டு வாத்தியார் வீடு எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஒரு கச்சேரியில் அவள் குரல் நன்றாகக் கேட்டுவிட்டால் செருப்புகள் திரும்பி வரும். கேட்காவிட்டால் அக்கா சொன்னது உண்மையாகிவிடும்.

அதனால் இந்த முறை, "நானும் வந்து பாக்கறேன் அத்தான்" என்று அவள் கிளம்பினாள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மச்சினி. தன் மனைவியோடு வண்டியில் இடம் கொடுத்தார்.

புது விழா அரங்கம். தரை பளிங்கு, சுவர் பளிங்கு, தலைக்கு மேலே கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு குவிமாடம். தலைவர் மேடை ஏறினார்.

"அன்பார்ந்த இசை நெஞ்சங்களே."

நெஞ்சங்களே என்றது எதிர்ச் சுவர். ஞ்சங்களே என்றது குவிமாடம். களே என்று எங்கோ கழிப்பறைப் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் வந்தது. தலைவரின் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சைக் கேட்டுத் தானே உருகுகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்.

அவர் இறங்கியதும் பாடகி ஏறினாள். ஒரே ஒரு வரி பாடினாள். மூன்றாவது வார்த்தை வாயிலிருந்து வந்தபோது முதல் வார்த்தை இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது வார்த்தை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

"எப்படி?" என்றார் தலைவர், தானே கட்டியவர் போல.

"குளிக்க நல்லா இருக்கும் அத்தான்."

கூட வந்திருந்த அவள் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நின்ற இடத்திலேயே வலது காலைத் தரையில் அழுத்தினார். மாணவன் சுவரைப் பார்த்து ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். மனைவி பேசும்போதெல்லாம் அந்தக் கால் வேலை செய்யும். பிரேக் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

அக்கா முன்வரிசை சோபாவிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சில கூடம் நெஜமாவே கோணல்தான்க்கா."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டுப் போயேன்டி. கட்டடம் உன்னை என்ன பண்ணுச்சு."

"நீ பண்ணதை விடவா அது பண்ணிடப் போகுது. அத்தான், அந்தப் பழைய நூலகத்துல மாடியில ஒரு வாசிப்பறை இருக்குல்ல, அதைப் பாக்கலாமே."

பார்த்தார்கள். மரத்தரை. தாழ்ந்த கூரை. நான்கு பக்கமும் புத்தக அலமாரிகள். யாரும் எடுத்துப் படிக்காததால் புத்தகங்கள் நெருக்கமாக, ஒழுங்காக நின்றன. தலைவர் முன்னால் நின்று அன்பார்ந்த இசை நெஞ்சங்களே என்றார். அறை அதை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை. எந்த அலங்காரமும் இல்லாமல், காலையில் பல் தேய்க்கும்போது வருகிற குரல் எதுவோ அதுவே நின்றது. அவர் எச்சில் விழுங்கியது கடைசி நாற்காலி வரை போயிற்று. போதாக்குறைக்கு, மேல்வரிசையில் புதிதாகக் கட்டிய பல் ஒன்று, ச வரும் இடங்களில் எல்லாம் மெல்லிய விசில் அடித்தது. இத்தனை நாள் அது விசில் அடிப்பது அவருக்கே தெரியாது.

"இங்க இசைக்கு மரியாதை இல்ல" என்றார். இசையிலும் ச இருந்தது.

பாடகி அந்த அறையில் ஒரு வரி பாடிப் பார்த்தாள். மெதுவாகப் பாடினாள். வாசலில் நின்ற கணவர் தலையாட்டினார். ஆனால் தலைவர் அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பல்லைக் கட்டிக்கொடுத்தவர்தான் மன்றத்தின் துணைத்தலைவர், பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல வழியில்லாமல் கிடக்க, தான் மட்டும் பேசியே வாழ்க்கை நடத்தியவர். ஆண்டு விழாவில் அவருக்குக் கிடைத்திருந்தது நன்றியுரை மட்டும்தான். எல்லோரும் எழுந்து கைப்பையைத் தேடுகிற நேரத்தில் பேச வேண்டிய உரை. அந்தக் காயம் ஆறவில்லை.

பாடகி பல் காட்டப் போனாள். சொல்ல வேண்டியதை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அத்தான் ஒரு அரங்கம் பாத்திருக்கார் டாக்டர். அவர் குரல் அங்க சிங்கம் மாதிரி கேக்குது. உங்க குரல் எப்படி இருக்கும்னு யாருமே பாக்கல. எப்பவும் கடைசியில பேசறவங்களை யார் நெனைக்கறா."

"நீ சும்மா வாயைத் தொற" என்றார் டாக்டர். ஆனால் பல்லில் ஒன்றுமில்லை என்பதைக் கண்டுபிடிக்க அன்று அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்த வார இறுதியிலேயே, துணைத்தலைவர் என்ற முறையில் தானும் அரங்கத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று அவர் கிளம்பினார். தலைவர் மறுக்க முடியாது. விதியில் இருக்கிறது, அவரே எழுதிய விதி. எல்லோரும் மறுபடி குவிமாடத்தின் கீழே கூடினார்கள். டாக்டருக்கு இயல்பாகவே கனத்த குரல். மேடையில் நின்று, வயிற்றிலிருந்து எடுத்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நன்றி."

அது குவிமாடத்தைச் சுற்றி வந்த சத்தத்தில் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து விறைப்பாக நின்றார். தலைவர் தன் குரல் அங்கே பெரிதாகக் கேட்டதை அரங்கத்தின் பெருமை என்று நினைத்ததே இல்லை. தன் பெருமை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அதே சுவர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல், இன்னொருவனுக்கும் அதையே செய்தன.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற அவருக்கு வெளியாள் தேவைப்படவில்லை. "அட, டாக்டருக்கு இப்படி ஒரு குரலா. இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றாள் மனைவி, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து.

"டாக்டர் பேசறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு" என்றாள் பாடகி. கணவரின் கால் பளிங்குத் தரையை அழுத்தியது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எளிமையைப் பற்றி நீளமாகப் பேசினார். இசை என்பது ஆடம்பரம் அல்ல என்றார். பளிங்கு கண்ணுக்கு, மரம் காதுக்கு என்றார். பளிங்கு விற்றே பங்களா கட்டியவர் வாயிலிருந்து வந்ததால் எல்லோரும் உருகிப்போனார்கள். வாசிப்பறை முடிவாயிற்று. டாக்டர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

கச்சேரி அன்று அறை நிரம்பியது. குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க வந்தவர்களே பாதி. இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். தன் வகுப்பிலிருந்து விலகிப்போன பிள்ளைகளின் அம்மாக்கள் பின்வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைப் பாடகி பார்த்தாள்.

தலைவர் வரவேற்புரைக்கு எழுந்தார். "சபையோரே" என்று ஆரம்பித்தார். பல் விசில் அடித்தது. பின்னால் யாரோ, "அடுப்புல ஏதாவது வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். தலைவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். அடுத்த வரியில் சிறப்பு, சங்கீதம், சான்றோர் என்று வரிசையாக நின்றார்கள். "எல்லாரும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய முறையால் இசைக்கு நன்மை விளைந்தது மன்றத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

பாடகி மைக்கை எடுத்துவிடச் சொன்னாள். பாடினாள். அந்தச் சின்னக் குரல் அலமாரிகளுக்கு நடுவே அவசரமில்லாமல் நடந்து போய்க் கடைசி வரிசைக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. முதல் பாட்டு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் இழவு முகத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நல்ல அறையில் ஒரு சங்கடம் உண்டு. அது யாருக்கும் சலுகை காட்டாது. மூன்றாவது பாட்டில் மேலே ஏற வேண்டிய ஓர் இடம். அவள் ஏறினாள். குரல் கீறி, இரண்டாகப் பிளந்து, நின்றுவிட்டது. குவிமாடமாக இருந்திருந்தால் முந்தைய சுரமே அதை மூடி மறைத்திருக்கும். இங்கே எல்லோரும் கேட்டார்கள்.

முன்வரிசையில் அக்கா தன் கணவரின் காதோடு குனிந்து, குசுகுசு என்றுதான் சொன்னாள்.

"போச்சுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா."

அறை அதையும் வாங்கி, ஒரு எழுத்தும் சிந்தாமல், கடைசி வரிசை வரை பரிமாறியது.

"வாயை மூடுடி" என்றார் தலைவர். அதுவும் போயிற்று.

பாடகியின் கணவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியிருந்தார். பாடகி அக்காவைப் பார்த்தாள். மேடையிலிருந்து பேசுகிற மாதிரி இல்லாமல், அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரி சொன்னாள்.

"போகலக்கா. கொஞ்சம் எறங்கியிருக்கு."

பிறகு வயலின்காரர் பக்கம் திரும்பினாள். "சுருதியை அரைக்கட்டை குறைச்சுக்கலாம்."

வயலின்காரர், "இப்பவா?" என்று கேட்டார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற எந்தப் பாடகியும் அத்தனை பேர் முன்னால் அதைச் செய்யமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

"பின்ன வீட்டுக்குப் போயா."

அவர் தந்திகளைத் தளர்த்தினார். முடுக்காணிகள் முனகின. அந்த முனகலை முழு அறையும் உட்கார்ந்து கேட்டது. டாக்டர் பல்வலிக்காரரின் முகத்தோடு இருந்தார். சுருதி சேர்ந்தது. அவள் அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். அந்த இடம் நெருங்க நெருங்கப் பின்வரிசைத் தலைகள் முன்னால் சாய்ந்தன. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, இருமலில் ஒளிக்கவில்லை. குரலை நூல் மாதிரி மெலிதாக்கிக்கொண்டு மேலே போனாள். அங்கே நின்றாள். தேவைக்கு மேலேயே நின்றாள். அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது உண்மைதான்.

முடிந்ததும் தலைவர் வாசலில் நின்று பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். "உள்ள வந்த உடனே எனக்குத் தோணிட்டுது, இதுதான் எடம்னு" என்று எல்லோரிடமும், ச வராத வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கிச் சொன்னார். டாக்டர் நன்றியுரை சொன்னாரா என்று யாருக்கும் நினைவில்லை.

மாடிப்படியில் பின்வரிசை அம்மாக்களில் ஒருத்தி பாடகியைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், வகுப்பு இன்னும் எடுக்கறீங்கதானே?"

"எடுக்கறேன். இப்ப போயிட்டிருக்கற எடத்துல சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தா சேத்துக்கமாட்டேன். எங்கிட்ட அப்படித்தான் சொல்லாமப் போனீங்க."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. ஆனாலும் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டுதான் போனாள். பின்னாலேயே இன்னொருத்தி நின்றாள்.

அவர்கள் போகும் வரை அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள்.

"அரைக்கட்டை குறைச்சதை நான் எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு. நான்தான் மொதல்ல சொன்னேன்."

அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள். தங்கையின் கழுத்தில் ஒரு நரம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தாள்.

"உள்ள வீங்கியிருக்கும். ரெண்டு நாளைக்கு வாயைத் தொறக்காம இரு."

"நீயும் இரு அக்கா" என்று சொல்லிவிட்டுத் தங்கை படி இறங்கினாள்.