சுவரில் விட்ட கட்டங்கள்

மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கும் என்று தேவிப்ரியா மேடம் சொல்லியிருந்தார். சாப்பாடு கூட இறங்காமல் நான் அதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 

அவர் கம்பெனியில் இந்த வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஆரணியிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் சூரத்துக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே ஒரு விசைத்தறிக் கம்பெனியில் என் மாமனார் மாணிக்கவேல் எனக்கு வேலை பேசி, டிக்கெட்டும் போட்டுவிட்டார். என் மனைவி காவ்யாவுக்கு எட்டாவது மாதம். பிள்ளை பிறக்கும்போது நான் எங்கேயோ கிடப்பேன். அதை நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடவில்லை.

நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். தேவிப்ரியா மேடத்தின் பெங்களூர் கம்பெனிக்கும் கட்டத்தில் வரையத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் கூடி ஆடுகிற ஆட்டம் அவர்களுடையது. பாதாள அறைகளுக்குள் புதையல் தேடிப் போக வேண்டும். அந்தக் காலத்தில் இதைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து ஆடினார்களாம். கோட்டின் மேல் சின்னப் பெட்டி போட்டால் கதவு. ஆங்கில எழுத்து எஸ் போட்டால் ரகசியக் கதவு. கட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் குழி, விழுந்தால் போச்சு. இப்போதைய படங்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பழைய ஆட்டக்காரர்களுக்கு அந்தக் குறிகள்தான் வேண்டுமாம். அவற்றையும் சுவர்களையும் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்து ஆட்டத்தில் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அன்றைக்குச் சோதனை.

"ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு போட்டா சம்பளம் குடுப்பானா?" என்று மாமனார் காலையில்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

கம்பெனி ஆட்கள் ஆறு பேர் மைக்கில் பேசிக்கொண்டே ஆட ஆரம்பித்தார்கள். திரை முழுக்க இருட்டு. ஆட்டக்காரன் கையில் ஒரு விளக்கு இருக்கும். அதன் வெளிச்சம் எட்டுகிற இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். சுவர் வந்தால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

நிற்கவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் தங்கம் தெரியுதே" என்றார் ஒருவர்.

"எனக்கு பூதமே தெரியுது. தூங்கிட்டு இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அஜித்குமார், வெளிச்சம் உங்க வேலைதானே? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு மேடம்" என்றார் அஜித்குமார்.  மேடம் விடவில்லை. போன மாதம் செய்த தப்பு, அதற்கு முந்தைய தப்பு என்று அத்தனை பேர் முன்னாலும் அவரை உரித்தெடுத்தார். நம் தலை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவ்யா என் தோளைத் தட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் தறியில் நெய்தவள் அவள்.

"இன்னாங்க, அந்த சுவத்த கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பண்ணினேன்.

"சரிகைக்கு வுடுற மாதிரி நடுவுல கட்டம் வுட்டுகிறீங்களே."

சுவரில் இடையிடையே காலிக் கட்டங்கள் இருந்தன. சேலையில் சரிகையை ஒரே ஓட்டமாக நீளவிடக் கூடாது. வளையலில் மாட்டி அறுந்துவிடும். அதனால் டிசைனில் இடையிடையே ஒரு கட்டத்தைக் காலியாக விடுவோம். அந்த இடத்தில் பட்டு இழை மேலே வந்து சரிகையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை என் கை யோசிக்காமலே செய்யும். நான் சுவர் என்று நினைத்துத்தான் வரைந்தேன். கை அதைச் சரிகை என்று நினைத்துக்கொண்டது. பாதாளத்துச் சுவர் எவள் வளையலில் மாட்டப்போகிறது, மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது.

மைக்கை அணைத்தேன்.

"சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா சூரத்துதான்."

"தெரியுது. அந்த ஆளு சும்மா திட்டு வாங்கிகினு கீறாரு."

எனக்குக் கோபம் வந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. மைக்கைப் போட்டேன்.

"மேடம், அவரு மேல தப்பு இல்லீங்க. சுவத்துல ஓட்டை. நான்தான் விட்டுட்டேன்."

 மேடம், "அரை மணி நேரம் தர்றேன். அடைச்சு அனுப்புங்க" என்றார்.

அடைக்க ஆரம்பித்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யில்லை. புதிதாக இழுத்த கோட்டிலும் கை தன்னால் ஒரு கட்டத்தைத் தாண்டியது. காவ்யா திரையில் விரல் வைத்துத் தேடினாள். வளைகாப்பு வளையல்கள் லேப்டாப்பில் இடித்துக்கொண்டே இருந்தன.

"இங்க ஒண்ணு. அதுக்குக் கீழ ஒண்ணு. ஜல்தி பண்ணுங்க. ஐயோ, மறுபடியும் வுடுறீங்க பாருங்க."

 ஒரு வழியாக அனுப்பினேன்.

மறுபடி ஆடினார்கள். இந்த முறை வெளிச்சம் சுவரில் முட்டி நின்றது. ஒருவர் குழியில் விழுந்தார். ரகசியக் கதவைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தபோது கத்தினார்கள். நான் காவ்யாவின் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

"குறிகள் அருமை. உங்களை எடுத்துக்கறோம்" என்றார் மேடம். நான் நன்றி சொல்வதற்குள் தொடர்ந்தார். "ஆனா வீட்டிலிருந்து வேண்டாம். எங்க ஆளுங்க பக்கத்துல இருந்திருந்தா இந்தத் தப்பை அப்பவே பார்த்திருப்பாங்க. திங்கட்கிழமை பெங்களூர் வந்துடுங்க."

சூரத் போய்ப் பெங்களூர் வந்தது. காவ்யா கையை உருவிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், உங்க ஆளுங்க ஆறு பேரும் அந்த சுவத்தையேதான் பாத்துகினு இருந்தாங்க. ஒருத்தர் கண்ணுக்கும் படல. கண்டுபிடிச்சது என் சம்சாரம். அவங்க இங்கதான் இருக்காங்க. நான் மட்டும் அங்க வந்து இன்னா பண்றது?"

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வந்த வேலையை வாயாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று நொந்துகொண்டேன். 

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவங்க பார்த்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டார் மேடம்.

காவ்யா லேப்டாப்பை நோக்கிக் குனிந்தாள். "பாக்குறேங்க. அடுத்த மாசம் மட்டும் கொஞ்ச நாளு லீவு வேணும், பிரசவத்துக்கு."

"லீவை ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துக்கங்க" என்றார் மேடம். "ஆரணியிலேயே இருங்க."

சரி என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. "சரிங்க" என்று காவ்யாவே சொன்னாள்.