கிழக்கு பார்த்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குப் பவர் ஒயர் அளந்து வெட்டியவன் எந்த ஊர்க்காரனோ, நிச்சயம் ஜெயங்கொண்டத்துக்காரன் இல்லை. இருந்திருந்தால், தொழில் செய்கிற மிஷினைக் கிழக்கு பார்த்துத்தான் வைப்பார்கள் என்று தெரிந்து நாலு முழம் கூடுதலாகக் கொடுத்திருப்பான். எங்கள் டைப்பிங் கடையில் ப்ளக் பாயிண்ட் எதிர்ச் சுவரில். சந்தனம் குங்குமம் வைத்த பெட்டியைத் திருப்பி வைக்க யாருக்கு மனசு வரும்? மைக்செட் மாயவனிடம் சொல்லி நீளமாக ஒரு ஒயர் கட்டி வாங்கினோம். ஒலிபெருக்கிக்கு இழுக்கிற மெல்லிசு ஒயர்.

ஆறு மாதம் ஓடியது. ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருந்தபோது ஒயரின் ஒட்டுப் பொசுங்கி, பெட்டிக்குள் பட்டென்று வெடித்தது. டைப்ரைட்டிங் மிஷின்களை எல்லாம் விற்று வாங்கியது. இது போனால் கடையைப் பூட்டிவிட்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போக வேண்டியதுதான். வேறு ஒயர் போட்டால் கம்பெனி பொறுப்பல்ல என்று வாரண்டி அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாங்கும்போது யார் படித்தார்கள்?

என் வீட்டுக்காரர் கலைச்செல்வன், கம்பெனி ஒயரையே பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில் என்றார். பேசாமல் நிற்பதா, நானா? இருந்தாலும் பயத்தில் தலையாட்டிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டர் விற்ற குருநாதன் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். எந்த ஒயர் போட்டீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவில் எனக்குப் பொய் வரவில்லை.

"வேற ஒயருதான் சார். எட்டலன்னு மைக்செட்காரர்ட்ட கட்டி வாங்குனோம்."

அவர் பெட்டியை மூடினார். போச்சு என்று நினைத்தேன்.

"கம்பெனி தராதும்மா. ஆனா கிழக்கு பாத்து வைக்கச் சொன்னதே நாந்தான். ஒயரு எட்டலன்னும் பாத்தேன். நீட்டா ஒண்ணு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டு பஸ்ஸப் புடிச்சிட்டேன். என்ன ஒயருன்னு சொல்லல. அது எம் மேலதான்."

எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க நாதியில்லை.

என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மதியத்துக்குள் என் பெட்டி உயிரோடு வந்தது. தடித்த ஒயர் ஒன்றும் கூட வந்தது. புதுப் பாகம் மெட்ராஸிலிருந்து வர நாளாகுமே, எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். இருந்தது என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கூச்சப்பட்டு நகர்ந்துகொண்டார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் மேஜை தெரிந்தது. அவருடைய கம்ப்யூட்டர் மூடி கழற்றி, உள்ளே காலியாகக் கிடந்தது. அடுத்து நின்றவருக்கு அவர் பில்லைக் கையால் எழுத ஆரம்பித்தார்.