இலையில் மிச்சம் வைத்த மீன்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைத் தறிக்காரர் தணிகாசலத்துக்கு மார்வலி வந்ததும், டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொன்னார். கணவன் சாப்பிட்ட இலையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் தேவகி. அதனால் நோய் ஒருவருக்கு, பத்தியம் இருவருக்கு என்றாயிற்று. அவள் மடியிலோ கைக்குழந்தை. பால் போதாமல் அது ஓயாமல் அழுதது.

மறுமுறை போனபோது டாக்டர் தேவகியைக் கடிந்துகொண்டார்.

"சாப்பாட்டுல இருக்கற கொழுப்பு ஒண்ணுதாம்மா. ஆம்பள உடம்பு அத ஒரு மாதிரி கையாளுது, பால் குடுக்கற உடம்பு வேற மாதிரி. நீ சாப்பிட்டாத்தான் புள்ளைக்குப் போய்ச் சேரும். மீன் சாப்பிடு."

தேவகி கேட்கவில்லை. "அவரு வெறும் ரசம் சாப்புட, நான் மீன் துன்னுக்கினு இருக்கவா?" என்றாள்.

மறுநாள் தணிகாசலம் தென்னேரி ஏரியில் பிடித்த மீனோடு வந்தார். "வறுத்துப் போடு. எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"நாலு துண்டு போடு."

"ஒண்ணு."

"மூணு."

"ரெண்டுக்கு மேல கேக்காதீங்க."

"மூணு இல்லன்னா எனக்குச் சோறே வேணாம்."

அழாத குறையாக மூன்று துண்டு வைத்தாள். தணிகாசலம் ரசம் சோற்றை முடித்துவிட்டு, மீனைத் தொடாமலே எழுந்தார்.

"இன்னாங்க, கையே வெக்கல?"

"என் இலையில மிச்சம் வெச்சா வீணாக்க மாட்டியே. உக்காரு."

தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கு வேண்டாத சரக்குக்கு இத்தனை பேரம் பேசிய மனிதரைக் காஞ்சிபுரம் கடைத்தெருவே கண்டதில்லை.