தூக்க மறுத்தவள்

கொரியாவின் இஞ்சோன் துறைமுகத்தில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, கப்பலின் அடியறையில் மா சாங்-கில்லின் இடது கால் மாட்டிக்கொண்டது. பதினெட்டு டன் எஃகுச் சுருளைக் கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டு, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையை உருவினார். சுருள் ஒரு சாண்தான் உருண்டது. முழங்காலுக்குக் கீழே காலைக் கப்பல் சுவரோடு நசுக்கி நின்றுவிட்டது.

வலி உடனே வரவில்லை. காலை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு வலி வந்தது.

மேலே இருந்தவர்கள் கண்ணுக்கு அவர் தென்படாத மூலை அது. வாக்கி டாக்கியில் கத்தினார்.

"ஹே-ரான்! கால் மாட்டிக்கிச்சு, தூக்கு!"

கிரேன் ஓட்டும் சோல் ஹே-ரான் முப்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். "அண்ணே, ரத்தம் போகுதா?"

"இருட்டுல என்ன தெரியும்? தூக்குடி!"

மேஸ்திரி பாங் ஏணியில் இறங்கி வந்து, விளக்கடித்துப் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். "ரெண்டடி தூக்கும்மா. நம்ம வண்டியிலயே ஆஸ்பத்திரி போயிடலாம். ஆம்புலன்ஸ் வந்தா விசாரணை, அது இதுன்னு ஒரே ரோதனை."

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியாச்சு. அவங்க வந்து காலைக் கட்டாம தூக்க மாட்டேன்."

"நான் சொல்றேன்ல!"

"நாலு வருஷம் முன்னாடி பியோ இப்படி மாட்டிக்கிட்டப்பவும் இதேதான் சொன்னீங்க. தூக்கினேன். ரத்தம் கொட்டி ஏணிகிட்டயே செத்தாரு."

பாங் வாக்கி டாக்கியைச் சாங்-கில்லிடம் திருப்பிக் கொடுத்தார்.

சாங்-கில் கெஞ்சினார். பிறகு திட்டினார். அவளை, அவள் அம்மாவை, அவள் பிறந்த ஊரை. தலைக்கு மேல் சதுரமாகக் கொஞ்சம் வானம். அதிலிருந்து இறங்கிய கம்பிவடம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அசையாமல் நின்றது.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க அண்ணே? பேசிட்டே இருங்க."

"எலும்பு சூப்பு! உன் தலை! தூக்கித் தொலை!"

இருபது நிமிடம் கழித்து வந்த ஆம்புலன்ஸ்காரர்கள், தொடையில் இறுக்கிக் கட்டிய பிறகுதான் தூக்கச் சொன்னார்கள். சுருள் மெதுவாக எழுந்தது.

கால் போய்விட்டது, உயிர் தங்கியது. கட்டாமல் தூக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் மருத்துவர். மறுவாரமே ஹே-ரானைக் கிரேனிலிருந்து இறக்கி, வாயிலில் லாரி எண் எழுத உட்கார வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, நன்றி சொல்ல வேண்டுமென்றுதான் சாங்-கில் போன் செய்தார்.

"அன்னிக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்…"

"மொத்தக் கப்பலும் கேட்டுச்சு. எங்கம்மாவை மட்டும் விட்டிருக்கலாம்."

சிரித்துவிட்டார். "இப்ப கிரேன்ல யாரு?"

"புதுசா ஒருத்தர். பாங் தூக்குன்னா உடனே தூக்கிடுவாரு."

அவருக்குச் சிரிப்பு நின்றது. அவரோடு வேலை பார்த்த நான்கு பேரும் அந்நேரமும் அந்தக் கிரேனுக்குக் கீழே அடியறையில்தான் இருந்தார்கள்.