மேஸ்திரி கேட்ட மூக்கு

"வண்டிய எடுங்கண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?" மூத்தவள் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னாலிருந்த தகரத்தைத் தட்டினாள்.

"கண்ணு தெரியலையாம்மா? கட்டைய எறக்கிட்டான்."

சாலைக்குக் குறுக்கே சிவப்புக் கட்டை. அதற்கு அந்தப் பக்கம் காவலாளி ஒருவர் நின்றார். வண்டிக்குள் அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் அப்பா படுத்திருந்தார்.

சுடுகாட்டில் முறை சொல்லி வைத்திருந்தார்கள். விட்டால் இனி நாளைக் காலைதான். அதுவரைக்கும் அப்பாவை மறுபடி நாலு மாடி ஏற்ற வேண்டும். லிப்ட் வேலை செய்யாது. இறக்கும்போதே தம்பிக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

அவள் இறங்கிப் போனாள்.

"கொஞ்சம் தூக்குங்கண்ணே. அவசரம்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"அதெல்லாம் முடிஞ்சாச்சு."

காவலாளி வண்டியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "தப்பா நினைக்காதம்மா. கப்பலோட துண்டு ஒண்ணு பட்டறையிலேருந்து வருது. ரோட்டக் கடந்து கப்பல் கட்டுற யார்டுக்குள்ள போகணும். நடுவுல நிறுத்த முடியாது."

"எந்தக் கப்பல்?"

"அந்தா நிக்குதே, உல்லாசக் கப்பல். அதுதான்."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. அப்பா செத்தும் விடமாட்டேன் என்கிறதே இந்தச் சனியன்.

வீடு வீடாகச் சுவர் எழுப்பிய மேஸ்திரி அப்பா. படுக்கையில் விழுந்து, ஜன்னல் வழியாக ஒருநாள் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். அன்றோடு வேறு பேச்சே போனது. மாத்திரையை நீட்டினால், "பொறும்மா, கிரேன் தூக்குது" என்பார். மேல் மாடி வீட்டுக்காரி காயப்போட்ட போர்வை கப்பலை மறைக்கிறதென்று இவளைச் சண்டைக்கு அனுப்பினார். இவளும் போனாள். கட்டிலை இப்படித் தள்ளு, அப்படித் தள்ளு என்று இவள் இடுப்பை ஒடித்தார்.

"எவனாச்சும் நடுவுலேருந்து கட்டுவானா? முன்னால இருக்கிற மூக்க மறந்துட்டானுங்க. போன் போட்டுச் சொல்லு."

"கட்டுறவனுக்குத் தெரியாதாப்பா? சும்மா படுங்க."

நேற்றுச் சாயங்காலம் மூச்சு இழுத்தது. "அப்பா, என்னப் பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். ஜன்னலிலிருந்து முகம் திரும்பவில்லை. "இன்னும் வரலையே" என்றார். அதோடு சரி. பெற்ற மகளுக்கென்று ஒரு வார்த்தை கிடையாது.

அவள் திரும்பி வந்து ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். பட்டறைப் பக்கமிருந்து தரை அதிர்ந்தது.

தரையோடு ஒட்டிய வண்டியில், வரிசை வரிசையான சக்கரங்களின் மேல், அது வந்தது. தெருவிலிருந்த வீடுகளைவிட உயரம். செங்கல் நிறம். இரண்டு பக்கமும் வளைந்து வந்து முன்னால் கூராக முடிந்திருந்தது. ஆட்கள் கூடவே நடந்தார்கள். சக்கரம் நகர்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

"அக்கா," என்றான் தம்பி. "மூக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

ஓட்டுநர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் பைக்குள் போட்டுக்கொண்டார். காவலாளி ஓடிவந்து அவரிடம் ஏதோ சொன்னார்.

"பின்னாடி ஒரு சந்து இருக்குங்கிறாரும்மா. இப்பவே திருப்பினா முறைக்குப் போயிடலாம்."

தம்பி பெருமூச்சு விட்டுத் தோளைத் தடவினான். "திருப்புங்கண்ணே."

"இருங்க," என்றாள் மூத்தவள்.

"என்னக்கா?"

அவள் எட்டி அவன் பக்கத்து ஜன்னல் திரையை ஒதுக்கி இழுத்தாள். அது சிக்கிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்ததில் ஒரு வளையம் தெறித்தது.

"வெயில் மூஞ்சில அடிக்குதுக்கா."

"அடிக்கட்டும். இன்ஜின ஆஃப் பண்ணுங்கண்ணே."

"முறை போயிடுமேம்மா?"

"போனாத் தூக்குறது நாங்கதானே? ஆஃப் பண்ணுங்க."

தம்பி அவளையே பார்த்தான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"மறக்கலையாம்," என்றாள் அவள் கீழே அப்பாவைப் பார்த்து. "போதுமா?"

பிறகு தன் துண்டை நாலாக மடித்து, மாத்திரை கொடுக்கும்போது செய்வதுபோல, ஒரு கையால் பிடரியைத் தூக்கி, அதைத் தலைக்கு அடியில் வைத்தாள். சரிந்தது. இன்னும் ஒரு மடிப்பு மடித்து வைத்தாள்.