பதினோரு காகிதப் பாதங்கள்

குவைத்திலிருந்து லீவில் வந்த ஊர்க்காரர் அப்துல் ஜலீல் கொண்டுவந்து கொடுத்த பார்சலைப் பிரித்ததும் ஷமீராவுக்குப் பகீரென்றது. உள்ளே மஞ்சள் அட்டையில் வெட்டிய பதினோரு குட்டிப் பாதங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் புருஷன் சுஹைபின் கையெழுத்தில் ஒரு விடுகதை. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு ஜோடி ஷூ.

மகள் தஹ்மீனாவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் புதையல் வேட்டை நடத்தப்போகிறாராம் மனுஷன், அதுவும் வீடியோ காலில்! பாதம் காட்டுகிற வழியே தேடிப்போனால் கடைசியில் ஷூ. ஒரு மாதமாக இதே பேச்சுதான். "மூணாவதை அரிசி டிரம்முக்கு அடியில வை, ஏழாவதை மாடிப்படியில வை" என்று ஓயாத உத்தரவு.

ஷூ அளவுக்கு அவரிடம் இருந்தது ஒரு தாள்தான். கடைசியாக ஊருக்கு வந்து கிளம்பும்போது மகளின் காலை அதில் வைத்து வரைந்து, பர்ஸில் மடித்து எடுத்துப்போயிருந்தார். வெளிநாட்டுக்குப் பிழைக்கப்போகிற சபுராளிகள் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் அது நடந்து நாலு வருஷம் ஓடிவிட்டது, பிள்ளையின் காலும் வளர்ந்துவிட்டது. இரண்டு தடவை லீவு தருவதாகச் சொல்லிவிட்டு, கம்பெனி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. வீடியோ காலில் முகம்தானே தெரியும், காலை யார் காட்டுகிறார்கள்?

சொல்லிவிடலாம் என்று ஷமீரா தினமும் நினைத்தாள். அவர் குரலில் இருந்த குஷியைக் கேட்டால் நாக்கு எழவில்லை. அதே ஷூவைப் பெரிய அளவில் தேடி மயிலாடுதுறைக் கடைத்தெரு முழுக்க அலைந்தாள். கிடைத்தால்தானே!

பிறந்தநாளன்று வீடே அமளிதுமளிப்பட்டது. தஹ்மீனா ஒவ்வொரு பாதமாகக் கண்டுபிடித்துக் கத்த, போனுக்குள் சுஹைப் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஷூவை இழுத்தெடுத்தவள் காலை நுழைத்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"அத்தா, இது சின்னப் புள்ளைங்க ஷூ. யாருக்கு வாங்குனீங்க?"

சுஹைபின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஷமீரா, போனைக் கீழ காட்டு. புள்ள காலைப் பாக்கணும்."

காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஷமீரா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கே புதுசா வரைஞ்சு அனுப்பிடுறேங்க" என்றாள்.

"வேணாம்" என்றார் சுஹைப். "நான் வந்து சேர்றதுக்குள்ள இன்னும் வளந்துடும்."